டாக்டர் பதில்கள்: தெற்கு சூடானுக்குப் போர் போடப் போகிறவர்கள்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே நாட்டைப் பற்றியவை. மூன்றும் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலிருந்து, பத்துப் பதினைந்து மைல் சுற்றளவுக்குள் எழுதப்பட்டவை. ஆழ்துளைக் கிணறு (போர்) தோண்டும் நம் பகுதியின் போர் வண்டிகள் ஆப்பிரிக்காவரை போய் நெடுநாளாகிறது. அவற்றோடு போகும் ஆட்களின் உடல்நலத்தைப் பற்றி வீட்டார் கேட்கத் தொடங்கியிருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 38. போர் வண்டியில் டிரில்லராக இருக்கிறார். தெற்கு சூடானில் கிராமங்களுக்குக் குடிநீர்க் கிணறு போட ஓராண்டு ஒப்பந்தத்தில் அழைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புவரை படித்தவர். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, புறப்பட இன்னும் 19 நாள்களே இருக்கின்றன. "ஒரு ஊசி போட்டால் போதும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஏஜெண்டு. போர் போடப் போகிறார் என்று சொன்னால், அங்கே நடப்பதும் போர்தானே என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். எபோலா என்றும் சிங்கம் என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும், என்ன செய்து அனுப்ப வேண்டும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, முதலில் பயத்தை வரிசைப்படுத்திக்கொள்வோம். எபோலா பெயர் அடிபடுவதற்குக் காரணம் உண்டு. 1976-ல் இன்றைய தெற்கு சூடானின் நசாரா என்ற ஊரில், பஞ்சாலைத் தொழிலாளர்களிடையேதான் அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று அமைந்தது. ஆயினும் நோயாளியின் இரத்தத்தையும் உடல் நீர்களையும் தொடுவதால் பரவும் அந்நோய், கிணறு தோண்டும் ஒருவரை வந்தடையும் வாய்ப்பு மிகக் குறைவு. சிங்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் கணவருக்கு எதிரில் நிற்பவை நான்கு: கொசு, தண்ணீர், சாலை, நிலத்தில் புதைந்து கிடக்கும் வெடிகள். இவற்றுள் கொசுவே பெரியது.

இப்போது அந்த 19 நாள்களுக்கு வருவோம். ஏஜெண்டு சொல்லும் "ஒரு ஊசி" மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதை எல்லா மருத்துவமனையிலும் போடுவதில்லை. மைய அரசு அங்கீகரித்த இடங்களில் மட்டுமே போடுவார்கள். உங்களுக்குக் கொச்சி வெல்லிங்டன் தீவிலுள்ள துறைமுக சுகாதார அலுவலகம் வசதியாக இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் போக நினைப்போருக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் சென்னைத் துறைமுக சுகாதார அலுவலகமும் உண்டு. முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும். சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். இன்றே முன்பதிவு செய்து ஐந்தாறு நாளில் ஊசி கிடைத்துவிட்டால், புறப்படும் நாளுக்குள் பத்து நாள் நிறைந்துவிடும். அதற்கு மேல் தள்ளினால் டிக்கெட்டைத் தள்ளிவைக்கச் சொல்வதே முறை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆப்பிரிக்காவின் அப்பகுதியிலிருந்து திரும்பி வருவோரை நம் விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒருமுறை போட்டுக்கொண்டால் 2016 முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும் என்பதால், சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுங்கள்.

அந்த அட்டையில் ஒரு சிறு சிக்கலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். ஊசி போடும் இடத்தில் பெயரைக் கேட்டால் பழக்கத்தில் இனிஷியலோடு சொல்லிவிடுவார்கள். அட்டை ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் இருந்தால் அந்நாட்டுத் தலைநகரான ஜூபாவின் விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும். எழுதுபவர் எழுதி முடித்ததும் இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு எழுந்து வரச் சொல்லுங்கள்.

மற்றத் தடுப்பூசிகளை மருத்துவருடன் பேசி முடிவு செய்ய வேண்டும். தெற்கு சூடான் மூளைக்காய்ச்சல் மண்டலம் என்று சொல்லப்படும் நிலப்பகுதியில் இருக்கிறது. டிசம்பர் முதல் ஜூன்வரையிலான வறண்ட மாதங்களில் அங்கே அந்நோய் கூடும். ஆகவே மெனிங்கோகாக்கல் தடுப்பூசியை நான் விட்டுவிடச் சொல்லமாட்டேன். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகை, டெட்டனஸ், போலியோ ஊக்க மருந்து ஆகியவையும் அதே வாரத்தில் முடியக்கூடியவை. 2024 அக்டோபரில் அங்கே காலரா பரவல் அறிவிக்கப்பட்டது. வாய்வழி காலரா மருந்து கிடைத்தால் நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை போட்டுக்கொள்ளலாம். கடித்த பிறகு போட வேண்டிய ஊசிகளை அது குறைக்கிறது. கடிபட்ட இடத்தில் செலுத்தும், அங்கே கிடைப்பதற்கு அரிய சீரமும் வேண்டியதில்லாமல் போகிறது. எத்தனை ஊசி போட்டிருந்தாலும், நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். இந்தச் செலவெல்லாம் அழைத்துச் செல்லும் நிறுவனத்தின் பொறுப்பு என்று எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

மலேரியாவுக்கு வருகிறேன். அங்கே ஆண்டு முழுவதும், நாடு முழுவதும் மலேரியா உண்டு; பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை. நம் ஊரில் முன்பு கொடுத்த குளோரோகுயின் அங்கே பயன்படாது. நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச்சாறும் இதைத் தடுக்கா. நாள்தோறும் விழுங்க வேண்டிய தடுப்பு மாத்திரைகளில் நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பது டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம். அட்டோவாகுவோன்–புரோகுவானில் என்ற இன்னொன்று நல்ல மருந்துதான்; விலை அதிகம், பொள்ளாச்சிக் கடைகளில் எளிதில் கிடைப்பதுமில்லை. வாரம் ஒரு முறை விழுங்கும் மெஃப்ளோகுவின், மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்களுக்குக் கூடாது. இயந்திரத்தின் முன் நிற்பவருக்குத் தலைசுற்றலும் தரலாம் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

டாக்சிசைக்ளினைப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, அங்கிருக்கும் ஒவ்வொரு நாளும் விழுங்கி, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 395 மாத்திரை. உடையும் தொலையும் என்று 420 ஆக மருந்துச் சீட்டோடு வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். அங்கே போய் வாங்கலாம் என்பது சரிவராது, போலி மருந்துகள் அங்கே புழங்குகின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு, நின்றோ உட்கார்ந்தோ விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதும் இம்மருந்தின் குணம். நாள் முழுக்க வெயிலில் ரிக் என்னும் துளையிடும் இயந்திரத்தின் அருகே நிற்பவர் முழுக்கைச் சட்டையும் கழுத்தை மறைக்கும் துண்டும் அணிவது இதற்கும் கொசுவுக்கும் சேர்த்தே உதவும். மாத்திரை விழுங்குகிறோம் என்று கொசுவலையை விட்டுவிடக் கூடாது. டெங்குக் கொசுபோலப் பகலில் கடிக்காமல், மலேரியாக் கொசு பொழுது சாய்ந்து விடியும்வரை கடிக்கிறது. மருந்து தோய்த்த வலை ஒன்றை இங்கிருந்தே கட்டிக் கொடுங்கள். அங்கே காய்ச்சல் வந்தால் 24 மணி நேரத்துக்குள் இரத்தம் பார்க்க வேண்டும். பரிசோதனை வசதியே இல்லாத இடத்தில் கூடாரம் போடுவதாக இருந்தால், அவசரத்துக்கு உட்கொள்ளும் மலேரியா சிகிச்சை மருந்தை அளவோடு எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் போர்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்: "பூமிக்குள்ளிருந்து நாங்களே எடுக்கிற தண்ணீர் டாக்டர், அதைவிடச் சுத்தம் எது?" என்று. கம்ப்ரசர் காற்றில் பீய்ச்சி வரும் முதல் தண்ணீரைக் கைகளில் ஏந்திக் குடிப்பது அவர்களுக்கு ஒரு சடங்குபோல. ராடும் ஹேமரும் கைகளும் பட்ட குழிக்குள்ளிருந்து வருவது அது. குளோரின் இட்டு, இறைத்துவிட்டு, சோதித்த பிறகே குடிநீர். அதுவரை கொதிக்கவைத்த நீர்தான். வெள்ளை நைல் ஆற்றிலும் அதன் கால்வாய்களிலும் குளிக்கவும் கூடாது. அங்குள்ள நத்தைகள் வழியாக ஒருவகைப் புழு தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். சிறுநீரில் இரத்தம் வரும்வரை தெரியாமலும் இருக்கும். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பாட்டிமார் நரம்புச்சிலந்தி என்று சொல்லி அஞ்சிய நோய், இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக 2000-ல் சான்றளிக்கப்பட்டது. தெற்கு சூடான் பகுதியிலோ 2006-ல் 20,000-க்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. குளத்து நீரை வடிகட்டிக் குடிக்கப் பழக்கியதும் குழாய்க் கிணறுகளும் அதற்குக் காரணங்கள். உங்கள் கணவர் செய்யப்போகும் வேலையின் மதிப்பு அவருக்கே தெரிந்திருக்கட்டும் என்பதற்காக எழுதினேன்.

பாறையைத் துளைக்கும்போது தண்ணீர் காணும்வரை எழும் வெண்புழுதியைப் பற்றி எந்த ஏஜெண்டும் பேசுவதில்லை. நுரையீரலில் படிந்தால் திரும்பி வராத தூசி அது. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வதால் பயனில்லை. என்-95 முகக்கவசம் இரண்டு பெட்டி, காதடைப்பான் இரண்டு ஜோடி பெட்டியில் இருக்கட்டும்.

பாம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விஷமுறிவு ஊசி இங்கிருந்தே வாங்கிக் கொடுக்கலாமா என்று மற்றவர்கள் கேட்பதுண்டு. வேண்டாம். இங்கே தயாராவது நம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அதை நம்ப முடியாது. முழங்கால்வரை மூடும் பூட்சும் இரவில் டார்ச்சும் கொண்டுபோகட்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2011 ஜூலையில் தனிநாடான நாள்முதல் அங்கே அமைதி விட்டுவிட்டுத்தான் இருந்திருக்கிறது. 2016 ஜூலையில் ஜூபாவில் சண்டை மூண்டபோது நம் விமானப்படையின் பெரிய விமானங்கள் போய் 150-க்கும் மேற்பட்டோரை அழைத்து வந்தன. வந்த விமானம் முதலில் இறங்கியது நம் திருவனந்தபுரத்தில்தான். தூதரகத்துக்கு ஆள் இருப்பது தெரிந்தால்தானே அழைக்க முடியும்? போய் இறங்கிய வாரமே ஜூபாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரையும் வேலை செய்யும் ஊரையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு வண்டியில் போகக் கூடாது. மழை மாதங்களில் சாலையே சேறாகிப் பல ஊர்கள் துண்டிக்கப்படும். பாலத்தையும் விமான நிலையத்தையும் சிப்பாயையும் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆசையை இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும், அது கைதுவரை கொண்டுபோகும். போர்க் காலக் கண்ணிவெடிகள் இன்னும் நிலத்தில் கிடக்கின்றன. சிவப்பு வண்ணம் பூசிய கல் இருக்கும் பக்கம் ஆபத்து, வெள்ளை பூசிய பக்கம் துப்புரவானது. துளை போடும் இடமும் அங்கே ரிக் போகும் தடமும் வெடி அகற்றப்பட்டவை என்று உறுதி கிடைக்காமல், மூத்திரம் போகக்கூட ஒருவர் தடத்தை விட்டு விலகக் கூடாது.

கடைசியாக, பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு தேறாதவர் என்பதால் அவருடையது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டாக இருக்கும். அத்தகைய பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போவதானால் குடியேற்றப் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் தெற்கு சூடான் இருக்கிறது. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் அந்த அலுவலகங்கள் உள்ளன. அந்த அனுமதியோடு சேர்ந்தே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்கப்படுகிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அனுமதி தேவையில்லை, விசிட் விசாவில் போய்விடலாம் என்று ஏஜெண்டு சொன்னால், அந்த ஆளை நம்பி ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ள வேண்டாம், பயணத்தையே நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. ரிக் வண்டி ஓட்டுநர். ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போடுகிறேன். அதே நாட்டுக்கு ஆறு மாதம் போக வாய்ப்பு வந்திருக்கிறது. போகலாமா? ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, கண், சிறுநீரகம், கால் உணர்ச்சி, இதயம் ஆகியவற்றைப் பார்த்த பிறகு, "போகலாம்" என்று உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால் போகலாம். காலில் மரமரப்பு இருந்தால் நான் அனுப்பமாட்டேன். முள்ளும் கல்லும் நிறைந்த இடத்தில் குத்தியது தெரியாமலே புண் சீழ் பிடித்தால், அதைக் கவனிக்கத் தக்க மருத்துவமனைக்கு விமானத்தில் நைரோபி போக வேண்டியிருக்கும். அவசர மருத்துவ விமானச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் மறைத்தால் பிறகு காப்பீடு செல்லாமல் போகும்.

இன்சுலினுக்கு வழி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் சிறு மண்பானையை வைத்து, பானைக்குள் குப்பிகளை நீர் புகாத டப்பாவில் போட்டு, ஈரத் துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளிச் சூட்டைவிடக் கணிசமாகக் குளிர்ந்திருக்கும். வறண்ட மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். காற்றே ஈரமாக இருக்கும் மழைக்காலத்தில் அவ்வளவு குளிராது. திறந்த குப்பியை நான்கு வாரத்துக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். ஆறு மாதச் சரக்கு முழுவதையும் பானையை நம்பி வைக்கக் கூடாது. நிறுவனத்தின் ஜூபா அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா, மாதந்தோறும் எடுத்து வர வண்டி உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னாலுள்ள பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள், அது அடுப்பு. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோங்கள். சரக்கறையில் போகும் பெட்டியில் உறைந்துவிட்டால் இன்சுலின் கெட்டுப்போகும். மருந்தின் மூலப்பெயரோடு ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் கடிதம் கூடவே இருக்கட்டும். ஜூபா நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது மட்டுமே. ஊசி நேரத்தைப் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது.

வாந்தியும் பேதியும் வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சர்க்கரை சேர்ந்தது என்று அஞ்சி அதைத் தவிர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்நேரத்தில் நீரிழப்புதான் பெரிய எதிரி. சாப்பிட முடியவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தவும் கூடாது. அந்நாள்களில் எவ்வளவு குறைப்பது, எந்த மாத்திரையை நிறுத்துவது என்பதை ஒரு தாளில் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: சொத்தைப் பல் ஏதேனும் இருந்தால் போகுமுன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தெற்கு சூடானில் எட்டு மாதம் இருந்த என் மகன் ஊர் திரும்பி 18 நாளாகிறது. மூன்று நாளாகக் குளிரும் காய்ச்சலும். பக்கத்துக் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். விட்டுவிட்டு வருகிறது. அங்கே விழுங்கிய மலேரியா மாத்திரையை வீடு வந்ததும் நிறுத்திவிட்டான்.
– ஒரு தாய், மீனாட்சிபுரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசினோம், மகன் இப்போது மருந்து முடித்து நலமாக இருப்பதாகத் தெரிவித்தீர்கள். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நம் எல்லைப்புறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நோயாளி "காய்ச்சல்" என்பார், சீட்டில் மலையாளத்தில் "பனி" என்று எழுதப்படும். மழைக்காலமென்றால் டெங்கு, வயலில் இறங்கியவரென்றால் எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் என்று மருத்துவரின் மனம் தானே ஓடும். அவர்மேல் குற்றமில்லை, அவர் அன்றாடம் பார்ப்பது அவற்றைத்தான். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு டிரில்லருக்கு, வேறோரிடத்தில் இரண்டு நாள் டெங்குக்கென்று டிரிப்ஸ் ஏற்றியிருந்தார்கள். கண் மஞ்சளாகி, பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. "எங்கே வேலை?" என்று கேட்டதற்கு, "வெளியூரில்" என்றார். எந்த வெளியூர் என்று மனைவியைக் கேட்ட பிறகே ஆப்பிரிக்கா என்ற சொல் வந்தது. பிழைத்தார், ஆனால் பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார்.

ஆகவே ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது எவ்வளவு லேசானதாக இருந்தாலும், அன்றைக்கே அருகிலுள்ள குடும்ப ஆரோக்கிய மையத்துக்குப் போய், வாயைத் திறந்ததும் முதல் வாக்கியமாக நாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவருக்கும் இது பொருந்தும். மலேரியாச் சோதனையும் சிகிச்சையும் அங்கே இலவசம். முதல் இரத்தச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் அதோடு விடக் கூடாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் கடந்து ஓராண்டுக்குள் வரும் காய்ச்சலுக்கும் பயணத்தைச் சொல்ல மறக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கணவர் திரும்பி வரும்போது பெட்டியில் மிஞ்சியிருக்கும் டாக்சிசைக்ளினில் 28 மாத்திரையை எண்ணித் தனியே எடுத்து, அவர் சாப்பிட உட்காரும் இடத்தில் வைத்துவிடுங்கள்.